அட்டை மாறினால் பெயரும் மாறும்

துலாவர்ஷக் காலமாகிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் கேரளத்தில் பிற்பகல் வேளையில் இடியும் மின்னலும் மிகுதி. அம்மாநிலத்து அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் பயிலும் கணிப்பொறிகள் லினக்ஸ் என்னும் இயக்க முறைமையைக் கொண்டு வேலை செய்கின்றன. 'கைட்' என்னும் மாநில அரசு நிறுவனம் அதனைப் பள்ளிகளுக்கென்றே அமைத்து வழங்கி வருகிறது. இடி முழங்கிய மறுநாட் காலையில் கணிப்பொறி வழக்கம் போல் துவங்குவதுண்டு, திரை ஒளிரும், கோப்புகள் யாவும் திறக்கும், ஆயினும் வெளியுலகத் தொடர்பு மட்டும் அற்றுப் போயிருக்கும்.

மின்னலின் தாக்குதல் மின்சார இணைப்பின் வழியாக மட்டுமே வருவதன்று. கட்டடத்துக்குக் கட்டடம் நீண்டு செல்லும் செம்புக் கேபிளிலும் அது மிகையான மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அக்கேபிள் வந்து முடியுமிடம் நெட்வொர்க் கார்டு எனப்படும் இணைப்பு அட்டையாகும். எனவே, ஏனைய உறுப்புகள் பிழைத்திருக்க, இவ்வட்டை மட்டும் கெட்டுப் போவது இயல்பே.

இந்நிலையில் இரு தவறுகள் நேர்கின்றன. இயந்திரம் முழுவதும் பழுதென்று எண்ணி அதனை மூலையில் ஒதுக்கிவிடுவது முதலாவது. புதிய அட்டையைப் பொருத்திய பின்னரும் தொடர்பு கிட்டாமையால், அந்த நல்ல அட்டையையே குறை கூறிக் கழித்துவிடுவது இரண்டாவது. இரண்டினாலும் வகுப்பின் பாடமே நின்று போகிறது. முதல் தவறைப் பொறுமையான சோதனை தவிர்க்கும். இரண்டாவதைத் தவிர்க்க, லினக்ஸ் ஓர் அட்டைக்கு எவ்வாறு பெயரிடுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

பழுதை உறுதி செய்தல்

பெட்டியைத் திறப்பதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்த்தல் வேண்டும். பின்னர் ஸ்விட்ச் பெட்டியில் வேறொரு துளையில் செருகிப் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டும் பயன் தராது, அட்டையருகே உள்ள சிறு விளக்கும் எரியாவிடின், அட்டையின்மீது ஐயம் கொள்ளலாம். 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்னும் கட்டளை, இயந்திரத்தின் உள்ளே கண்டறியப்பட்ட சாதனங்களை வரிசையாகக் காட்டும். அவ்வரிசையில் அட்டை இடம் பெறவில்லையெனில், அது தளர்ந்திருக்கலாம் அல்லது இறந்திருக்கலாம். இடம் பெற்றிருந்தாலும் நலமாக உள்ளதென்று கொள்ளுதல் கூடாது. கேபிளைத் தாங்கும் பகுதி மட்டும் கருகியிருத்தல் கூடும்.

அடுத்து, பழைய அமைப்பு விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். இயந்திரத்தின் முகவரி எண், வாயில் முகவரி, பெயர் தேடும் சேவையகத்தின் முகவரி, அட்டையின் பெயர் ஆகியவை இவற்றுள் அடங்கும். அட்டை இறந்தாலும் இவ்விவரங்கள் வன்தட்டில் உள்ள கோப்புகளில் நிலைத்திருக்கும்.

புதிய அட்டையைப் பொருத்துதல்

இயந்திரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. நிறுத்திய பின்னரும் சுவரிலிருந்து வரும் இணைப்பால் 5 வோல்ட் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். ஆதலால் மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, துவக்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடியச் செய்தல் வேண்டும். பின்னர்ப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, அட்டையை ஓரங்களில் மட்டும் பிடித்தல் நன்று.

இன்றைய கணிப்பொறிகளுள் பலவற்றில் இணைப்புச் சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. அதனைக் கழற்ற இயலாது. அதற்கு மாறாகத் தனி அட்டை ஒன்றை வெற்றுச் செருகு துளையில் பொருத்தி, பழைய சில்லினைத் துவக்க அமைப்புத் திரையில் செயலறச் செய்யலாம். பி.சி.ஐ. துளையும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையும் வேறானவை. ஒன்றுக்குரிய அட்டை மற்றொன்றில் பொருந்தாது. வாங்குமுன் துளையின் வகையை நோக்குதல் அவசியம்.

லினக்ஸில் பெரும்பான்மையான அட்டைகளுக்குத் தனிக் குறுந்தட்டு எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வோர் அட்டையும் தன் உற்பத்தியாளர் எண்ணையும் சாதன எண்ணையும் தெரிவிக்கும். கெர்னல் என்னும் மைய நிரல், அவ்வெண்களுக்கு ஏற்ற டிரைவர் நிரலைத் தானே தேர்ந்து இயக்கும்.

ஆளும் நாற்காலியும்

இங்குதான் சிக்கல் தோன்றுகிறது. ஒவ்வோர் அட்டைக்கும் உற்பத்தியின்போதே 48 பிட் நீளமுள்ள ஓர் எண் பதிக்கப்படுகிறது. இதனை மேக் முகவரி என்பர். அதன் முதற்பாதி உற்பத்தியாளரைக் குறிக்கும். பிற்பாதி தனி அட்டையைக் குறிக்கும்.

பழைய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் முதல் அட்டைக்கு 'ஈ.டி.எச்.0' என்னும் பெயர் வழங்கி, அப்பெயரை மேக் முகவரியோடு சேர்த்து ஒரு விதிக் கோப்பில் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. அட்டையை மாற்றியதும், பழைய பெயர் இறந்த அட்டைக்கே உரியதாக நிற்கும், புதியது 'ஈ.டி.எச்.1' ஆகிவிடும். முகவரி முதலிய அமைப்புகள் யாவும் பழைய பெயரின்கீழ் இருப்பதால், புதிய அட்டைக்கு எதுவும் கிட்டாது. அக்கோப்பில் பழைய அட்டைக்குரிய வரியை நீக்கி, புதியதன் வரியில் பழைய பெயரை எழுதி, இயந்திரத்தை மீண்டும் துவக்கினால் குறை தீரும்.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு வேறொரு முறையைக் கொணர்ந்தது. அதன்படி அட்டையின் பெயர் அது அமர்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. 'ஈ.என்.பி.3.எஸ்.0' என்பது மூன்றாம் பாதையில் பூஜ்யமாம் இடத்தில் உள்ள அட்டை எனப் பொருள்படும். முன்னைய முறையில் பெயர் ஆளுக்குரியது. பின்னைய முறையில் அது நாற்காலிக்குரியது. எனவே அதே துளையில் பொருத்தப்படும் புதிய அட்டை பெரும்பாலும் அதே பெயரைப் பெறும். ஆனால் தாய்ப்பலகைச் சில்லுக்கு மாற்றாகத் தனி அட்டை இடப்பட்டால் நாற்காலியே மாறிவிடுகிறது, பெயரும் மாறிவிடும். டெபியன் வழிவந்த முறைமைகளில் யு.எஸ்.பி. வழியே செருகும் இணைப்பிகள் பெரும்பாலும் மேக் முகவரியையே பெயராகக் கொள்ளும். அவற்றை மாற்றினால் பெயர் மாறியே தீரும்.

பரிகாரம் எளிது. 'ஐ.பி. லிங்க்' என்னும் கட்டளையால் புதிய பெயரை அறிந்து, பழைய பெயர் உள்ள அமைப்புக் கோப்பில் அதனை எழுதுதல் வேண்டும். டெபியனில் 'இன்டர்ஃபேசஸ்' என்னும் கோப்பும், உபுண்டு சேவையகங்களில் நெட்பிளான் கோப்பும் இதற்குரியவை. மேசைக் கணிப்பொறிகளில் நெட்வொர்க்மேனேஜர் வழியே இதனைச் செய்யலாம்.

வெளியே உள்ள பதிவேடுகள்

இயந்திரத்துக்கு வெளியேயும் பழைய மேக் முகவரி பதிவாகியிருக்கக் கூடும். முகவரிகளைப் பங்கிடும் டி.எச்.சி.பி. சேவையகம், ஒரு குறிப்பிட்ட எண்ணை அம்மேக் முகவரிக்கென ஒதுக்கியிருந்தால், அப்பதிவையும் திருத்துதல் வேண்டும். அண்டைக் கணிப்பொறிகள் பழைய முகவரியைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருத்தலும் உண்டு. சில நிமிடங்களில் அது தானே நீங்கும்.

இறுதியில் 'பிங்' கட்டளையால் படிப்படியாகச் சோதித்தல் நன்று. முதலில் வாயில் முகவரி. அடுத்து வெளியேயுள்ள ஓர் எண் முகவரி. அதன்பின் ஒரு பெயர். முதற்படியில் விடை வராவிடின் குறை அட்டையிலோ, கேபிளிலோ, அமைப்பிலோ உள்ளது. முதற்படியில் விடை வந்து, இரண்டாவதில் வராவிடின் குறை வாயிலுக்கு அப்பால் இருக்கலாம். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வராவிடின், பெயர் தேடும் சேவையக முகவரியைச் சரிபார்த்தல் வேண்டும்.

புதிய அட்டையின் மேக் முகவரியையும், மாற்றிய நாளையும், பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டி வைப்பது, பின்னர் அவ்விடத்துக்கு வரும் ஆசிரியருக்குப் பேருதவியாகும். இடி முழங்கத் துவங்கும் முன்னரே மின் கம்பியோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றி வைப்பது அதனினும் மேலானது. அதற்குச் செலவேதும் இல்லை.