ரத்தினக் கம்பளத்தின் முதுகு

வெல்வெட் போல மெத்தென்றிருக்கும் ரத்தினக் கம்பளத்தை முழுக்கக் கம்பளிச் சரக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது உழைப்பதும் உழைக்காமல் போவதும் பெரும்பாலும் அடியில் மறைந்திருக்கும் பருத்தியைப் பொறுத்தது. ஒரு மூலையைப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் தொங்கும் வெள்ளைக் குஞ்சம் அழகுக்காகத் தைத்ததல்ல. அது பாவு நூலின் மிச்சம். தறியில் செங்குத்தாகப் பாவு கட்டி, இரண்டிரண்டு பாவு நூலைச் சேர்த்துச் சாயக் கம்பளியால் முடிச்சுப் போட்டு, நுனியைக் கத்தியால் அறுப்பார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலைக் கோத்துக் கனத்த சீப்பால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் கத்தரியால் மட்டமாக வெட்டும்போதுதான் அந்த வெல்வெட் முகம் வருகிறது. அத்தனை அடியையும் தாங்குவது பாவு. கம்பளி நூல் இழுத்தால் நீளும், பெரிய கம்பளம் கோணிப்போகும்; பருத்தி அவ்வளவு நீளாது. ஈரானின் நகரத் தறிகளும் ஆந்திரத்தின் ஏலூரும் பருத்திப் பாவை நம்பியதற்கு இது முக்கியக் காரணம்.

சைபீரியாவின் அல்தாய் மலைக் கல்லறையொன்றில் 1949-இல் கிடைத்த பசிரிக் கம்பளம் முழுக்கக் கம்பளிதானே, 2,000 ஆண்டுக்கு மேல் நிலைக்கவில்லையா என்று கேட்கலாம். அதைக் காத்தது உறைபனி. அளவிலும் அது ஏறக்குறைய 2 மீட்டர் சதுரம்தான். ஈரானில் 1539-40-இல் நெய்து முடிந்த அர்தபில் கம்பளத்தின் நீளம் 10 மீட்டருக்கும் மேல். அதன் பாவு பட்டு. பட்டுப் பாவுக்குச் செலவழிக்க எத்தனை பேரால் முடியும்?

ஆகப் பருத்திப் பாவுதான் வழி; அதற்கு நம்மூர்ப் பஞ்சே உதவும். கோவில்பட்டியில் 1901-இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்த கரிசல் பூமியின் கருங்கண்ணிப் பருத்தி, குட்டை இழை என்பதால் நீள இழைப் பஞ்சுக்கு முன்னால் பின்தங்கியது. மெல்லிய சட்டைத் துணிக்கு அது குறைதான். கம்பளத்துப் பாவு அப்படியல்ல. பல புரிகளைச் சேர்த்து முறுக்கிய தடித்த நூல் அது. வலு முறுக்கிலும் புரியிலும் கிடைக்கிறது. அந்த வேலைக்குக் குட்டை இழையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். இந்த வெயிலிலும் புழுதியிலும் ரத்தினக் கம்பளத்தை யார் விரிப்பார்கள் என்பதும் நியாயமான கேள்வி. இங்குள்ள வீட்டுக்கு உதறிச் சுருட்டிவைக்கத் தோதான பவானி ஜமக்காளமே பொருத்தம். ஆனால் நெய்கிற ஊரிலேயே விரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே. ஏலூரும் வெப்ப ஊர்தான். அங்கு நெய்த கம்பளங்கள் குளிர்நாட்டு வீடுகளைத் தேடித்தான் கப்பலேறின.