தசையிழையின் கட்டுக்கயிறு

செங்கற்பட்டு நகரை அடுத்துத் திருமணி என்னும் சிற்றூர் உள்ளது. தொழுநோயாளருக்கென அங்கே நெடுங்காலமாக ஒரு மருத்துவமனை இருந்து வருகின்றது. லேடி வில்லிங்டன் பெயரால் வழங்கிய அதனை 1955ஆம் ஆண்டில் இந்திய அரசினர் ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய மைய நிலையம் ஆக்கினர். அதற்குச் சில ஆண்டுகட்கு முன், 1947ஆம் ஆண்டளவில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு அங்குச் சென்றார். தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். பலருடைய விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிக் கிடந்தன. பிராண்டு ஒரு நோயாளியின் கையைப் பற்றி, இறுக்கிப் பிடிக்குமாறு கூறினார். வலிமையற்ற பிடியையே அவர் எதிர்பார்த்தார். ஆனால் அம்மனிதர் பிடித்த பிடியில் மருத்துவரின் கை வலித்தது! நரம்பு கெட்ட தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. நரம்பு கெடாத தசைகள் வலிமை குன்றாமல் இருந்தன. தொழுநோய்க் கிருமி தாக்குவது நரம்பையே, தசையை அன்று.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. அதில் நரம்பு நலமாயிருக்கும். மூளையின் கட்டளை தவறாமல் வந்து சேரும். அதனை நிறைவேற்ற வேண்டிய தசையே நாளடைவில் அழிந்துவிடும். இதனைத் தசைச் சிதைவு நோய் என்பர். இதில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் கொடியது, பிரெஞ்சு மருத்துவர் டுச்சேன் பெயரால் வழங்குவது. தாய்வழி வரும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக் குறையால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே இது நேரும். மூன்று முதல் ஐந்து வயதிற்குள் குழந்தை அடிக்கடி விழத் தொடங்கும், படியேற இடர்ப்படும். தரையிலிருந்து எழும்போது தன் கைகளாலேயே தன் தொடைகளைப் பற்றிப் படிப்படியாக மேலேறி நிற்கும். இந்த அடையாளத்தை 1879ஆம் ஆண்டில் கவர்சு என்னும் ஆங்கில மருத்துவர் விளக்கினார். கெண்டைக்கால் பருத்துக் காணப்படுவதால், பிள்ளை நல்ல உடற்கட்டு உடையவன் என்று பெற்றோர் மகிழ்தலும் உண்டு. பார்த்து நடக்கத் தெரியாதா என்று அவனை அதட்டுவோரும் உளர். அவன் பார்த்துத்தான் நடக்கின்றான். கால்தான் அவனுக்கு உதவவில்லை. பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுவிடுகின்றது. பின்னர் இதயத் தசையும் மூச்சுத் தசையும் தளர்கின்றன.

தசை ஏன் அழிகின்றது? 1851ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் எட்வர்டு மெரியான், இந்நோயால் இறந்த சிறுவனின் தசையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தசையிழையைப் போர்த்தியுள்ள உறை சிதைந்திருப்பதைக் குறித்து வைத்தார். அவர் கூற்றை அக்காலத்தார் பெரிதாகக் கருதவில்லை. 1959இல் சப்பானியர் எபாசியும் அவருடன் பணிபுரிந்தோரும், தசைக்குள் இருக்க வேண்டிய கிரியாட்டின் கைனேசு என்னும் நொதி இந்நோயாளரின் குருதியில் மிகுந்திருத்தலைக் கண்டனர். குடத்து நீர் தரையில் பரவியிருந்தால் குடத்தில் எங்கோ ஓட்டை உண்டென்பது பெறப்படுமன்றோ? ஆயினும் அவ்வோட்டையை எவரும் கண்ணாற் கண்டிலர்.

காணுதல் எளிதும் அன்று. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். தசையிழையின் சவ்வு ஏறத்தாழ எட்டு நானோமீட்டர் தடிப்பே உடையது. ஒளி ஓர் அலையாதலின், ஏறத்தாழ இருநூறு நானோமீட்டருக்கும் நெருங்கியுள்ள இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டமாட்டாது. 1931ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எர்ன்சுட்டு ரசுக்காவும் மாக்சு நோலும் ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையையும், கண்ணாடி வில்லைக்கு மாற்றாகக் காந்தச் சுருளையும் கொண்டு புதிய நுண்ணோக்கியை அமைத்தனர். எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியினுடையதைவிட மிகமிகக் குறைவு. ஆதலின் சவ்வின் விளிம்பும் அதில் தெளிவாகத் தோன்றும். உலோக ஆராய்ச்சிக்கும் இதுவே கருவி. மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணு உலைக்குரிய எஃகின் உள்ளமைப்பை இதனைக் கொண்டே ஆராய்கின்றனர்.

எஃகை ஆராய்வதினும் தசையை ஆராய்வது கடினம். கருவியின் உள்ளே காற்றே இல்லை. ஈரமுள்ள தசை அங்கே நில்லாது. எனவே நோயாளியின் தொடையிலோ புயத்திலோ நெல்மணி அளவு தசையை எடுத்தவுடன் வேதிப்பொருளில் ஊறவைத்து உருக்குலையாமல் நிலைநிறுத்துவர். நீரை நீக்கிப் பிசினில் பதித்துக் கெட்டியாக்குவர். பின் வைரக் கத்தியால் ஏறத்தாழ எழுபது நானோமீட்டர் தடிப்புள்ள சீவல்களாகச் சீவுவர். சீவல் நீர்மேல் மிதக்கும்போது வெள்ளி நிறமாக மின்னும்; பொன்னிறமாக மின்னினால் சற்றுத் தடித்துவிட்டது என்று கைதேர்ந்தவர் அறிவர். ஓசுமியம், ஈயம் முதலிய கன உலோகங்களின் சேர்மங்களை ஊட்டினால், அவை படிந்த இடங்கள் எலக்ட்ரான்களைச் சிதறடித்துப் படத்தில் கருமையாகத் தோன்றும்.

இம்முறையால் 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த மோக்ரியும் ஏங்கலும் அந்த ஓட்டையைக் கண்டனர். பார்வைக்கு இன்னும் அழியாத இழைகளிலும் ஆங்காங்கே சவ்வு அற்றுப் போயிருந்தது. அதன் கீழே ஆப்பு வடிவில் உட்பொருள் சிதைந்திருந்தது. சவ்வுக்கு வெளியே உள்ள மெல்லிய படலமோ குலையாமல் இருந்தது. உடைப்பு முதலில் சவ்விலேயே நேர்கின்றது என்பது அதனால் புலனாயிற்று.

சவ்வு உடைவானேன் என்பதற்கு விடை 1987இல் கிட்டியது. லூயி குங்கெல், எரிக் ஆப்மன் ஆகியோர் இந்நோயில் இல்லாதுபோகும் புரதத்தைக் கண்டு அதற்கு டிஸ்ட்ரோபின் எனப் பெயரிட்டனர். தசையிலுள்ள புரதம் அனைத்திலும் அது 0.002 விழுக்காடே. அது தசையில் எங்கே உள்ளது? மறு ஆண்டிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கி விடை தந்தது. டிஸ்ட்ரோபினை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளின்மீது நுண்ணிய பொன்துகள் ஏற்றித் தசைச் சீவலில் இடுவர். பொன் எங்கே கரும்புள்ளியாகத் தெரிகின்றதோ அங்கே அப்புரதம் உண்டு. பொன்துகள்கள் சவ்வின் உட்புறத்தை ஒட்டி அமைந்திருந்தன.

செங்கற்பட்டிலிருந்து கிழக்கே சென்றால் மாமல்லபுரக் கடற்கரையை அடையலாம். அக்கரையில் வழங்கிய கட்டுமரத்தில் ஆணி இல்லை. மரங்களைக் கயிற்றாலேயே பிணைத்திருப்பர். அலை தூக்கி எறியும்போதெல்லாம் கட்டு சற்றே நெகிழ்ந்து கொடுத்து மீண்டும் இறுகும். கயிறு இற்றுப்போனால் மரங்கள் நல்லனவாயினும் கலம் பிரிந்துபோகும். டிஸ்ட்ரோபினின் பணியும் ஏறத்தாழ அத்தகையதே. அதன் ஒரு முனை இழையின் உட்சட்டமாகிய ஆக்டினைப் பற்றும். மறுமுனை, சவ்வை ஊடுருவி நிற்கும் டிஸ்ட்ரோகிளைகான் என்னும் புரதத்தைப் பற்றும். அது வெளிப்படலத்திலுள்ள லாமினினைப் பற்றும். தசை சுருங்கி விரியுந்தோறும் எழும் இழுவிசையைச் சவ்வு தனியே தாங்காதவாறு இக்கட்டு காக்கின்றது. கட்டு இல்லையேல் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் சவ்வு சிறிது கிழியும். உடல் அதனைத் தைத்துக்கொண்டே வரும். ஒருநாள் தைக்கும் ஆற்றலும் தீர்ந்து, தசையிருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிறையும்.

இப்போது திருமணிக்குத் திரும்புவோம். தொழுநோய்க் கிருமி நரம்பினுள் எவ்வாறு நுழைகின்றது என்பது நெடுநாள் விளங்காதிருந்தது. 1998ஆம் ஆண்டில் இராம்புக்கனவும் அவருடன் ஆய்ந்தோரும் அவ்வாயிலைக் கண்டு வெளியிட்டனர். நரம்பிழையைச் சுற்றியுள்ள சுவான் உயிரணுக்களின் மேற்புறத்திலும் டிஸ்ட்ரோகிளைகான் உண்டு. அதனைப் பற்றி நிற்கும் லாமினினைப் பிடித்துக்கொண்டே கிருமி உள்ளே புகுகின்றது! தசையைக் காக்கும் கட்டின் ஒரு கண்ணியே நரம்பில் பகைவனுக்கு ஏணியாகின்றது. நரம்பு நோயென்றும் தசை நோயென்றும் நாம் வேறு வேறாக எண்ணிய இரண்டும் ஒரே புரதத்தில் வந்து கூடுகின்றன.

2024ஆம் ஆண்டின் இறுதியில், முயலின் தசையிலிருந்து பிரித்த இக்கட்டு முழுவதையும் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுத்து, அதன் அமைப்பை விளக்கமாக வெளியிட்டனர். எந்த மரபணுப் பிழை எந்தக் கண்ணியைத் தளர்த்துகின்றது என்பதை இனிப் படத்தில் சுட்டிக் காட்டலாம். தொழுநோயைத் தீர்க்கும் கூட்டுமருந்து 1981ஆம் ஆண்டு முதல் பரிந்துரைக்கப்பட்டு வருகின்றது. தசைச் சிதைவுக்கு அத்தகைய மருந்து இன்னும் இல்லை. டிஸ்ட்ரோபினின் மரபணு மனித மரபணுக்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட எழுத்துகளைக் கொண்டது. அதனை முழுதாகச் சுமந்து தசைக்குள் கொண்டுசெல்லும் ஊர்தி கிடைக்காமையால், மிகச் சுருக்கிய வடிவத்தை அனுப்பிப் பார்க்கின்றனர். ஸ்டீராய்டு மருந்துகள் தளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. மூச்சுக்கும் இதயத்திற்கும் உரிய கவனம் ஆயுளை நீட்டுகின்றது. முன்னாளில் இருபது வயதைக் கடவாதவர் பலர். இன்று முப்பதைக் கடந்தும் வாழ்வோர் உளர்.