ஆடு விற்கப் போகிறீர்களா? செல்போனுடன் தராசும் இருக்கட்டும்

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ள குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. ஆடு, மாடு வாங்க கர்நாடகா, ஆந்திராவில் இருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் என்றால் நிற்க இடம் இருக்காது.

கால்நடைச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவது பழைய வழக்கம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. இன்றோ ஆட்டின் வீடியோ வாட்ஸ்அப்பில் போகிறது. பணம் யு.பி.ஐ.யில் வருகிறது. இதனால் உங்களுக்கு லாபமா, நஷ்டமா என்பது நீங்கள் எவ்வளவு தயாராகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கேரள மீனவர்கள் காட்டிய வழி

1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கடற்கரைகளுக்கு செல்போன் சேவை படிப்படியாக வந்தது. அங்கே நடந்த மாற்றத்தை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். அதற்கு முன் ஒரு கரையில் மத்தி மீன் வாங்க ஆளில்லாமல் வீணாகும். அடுத்த கரையில் தட்டுப்பாடாக இருக்கும். கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பத் தொடங்கியதும் மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது.

ஆட்டுக்கு அப்படி நடக்க ஒரு தடை உண்டு. ஆட்டைப் பெரும்பாலும் கண் மதிப்பில் விற்கிறோம். எடை தெரியாதவருக்கு பெங்களூரு இறைச்சி விலை தெரிந்தும் பயனில்லை.

கணக்கு இதுதான்

சந்தைக்கு முதல் நாளே தொங்கு தராசில் ஆட்டை எடை போடுங்கள். உயிர் எடையில் 45 முதல் 50 சதவீதம் வரை இறைச்சி கிடைக்கும். 25 கிலோ கிடாவில் 11 கிலோ என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலோ பெங்களூரிலோ அன்றைய இறைச்சி விலையைப் போனில் விசாரியுங்கள். உதாரணத்துக்கு, கிலோ 800 ரூபாய் என்றால் இறைச்சி மதிப்பு 8,800 ரூபாய். தலை, கால், குடல், தோல் வருமானம் தனி. வண்டி வாடகை, அறுப்புக் கூலி, வியாபாரியின் லாபம் ஆகியவற்றைக் கழித்தால் நீங்கள் இறங்கக் கூடாத விலை தெரிந்துவிடும். வளர்ப்புக்கும் பக்ரீத்துக்கும் வாங்கும் ஆட்டுக்கு இக்கணக்கு பொருந்தாது. அங்கே இனத்துக்கும் தோற்றத்துக்கும் விலை.

பணம் யாருடைய கணக்கில்?

ஆடு மேய்ப்பதும் தழை ஒடித்துப் போடுவதும் பல வீடுகளில் பெண்கள்தான். முன்பு விற்ற பணம் நோட்டாக அவர்கள் சுருக்குப் பைக்கு வந்தது. இப்போது போன் வைத்திருக்கும் கணவர் அல்லது மகன் கணக்கில் ஏறுகிறது. கேட்டு வாங்கும் நிலைக்கு ஆட்டை வளர்த்தவரே தள்ளப்படுகிறார்.

இதற்கு ஸ்மார்ட்போன் அவசியமில்லை. வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இரண்டையும் கொடுத்தால், வாங்குபவர் தன் செயலியில் இருந்தே அந்தப் பெண்ணின் கணக்குக்கு அனுப்பலாம். பாஸ்புக் முதல் பக்க நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம், அதற்கான யு.பி.ஐ. 123பே வசதி 2022 மார்ச்சில் இருந்தே உள்ளது.

ஏமாறாதீர்கள்

* 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஆட்டை வண்டியில் ஏற்றாதீர்கள். உங்கள் வங்கி இருப்பைப் பார்த்த பிறகே கயிற்றைக் கொடுங்கள்.

* பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

* அரசு உதவித்தொகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் செயலியைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராமக் கூட்டத்துக்கு ஒரு தொங்கு தராசைக் கொண்டு செல்லுங்கள். ஆடு வளர்க்கும் பெண்களையே எடை போடச் சொல்லி, கணக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வருகிற வெள்ளிக்கிழமையே அது உதவும்.