டீசல் என்ஜினில் ‘டக் டக்’ சத்தம் ஏன்?

பம்புசெட் டீசல் என்ஜின் ஓடும்போது மேல்மூடிக்குள்ளிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறதா? பெரும்பாலும் அது வால்வை இயக்கும் பாகங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் வருவதாகும். அதை அலட்சியம் செய்யக் கூடாது. சத்தம் அடியோடு நிற்கும்வரை திருகை இறுக்கவும் கூடாது.

கேம் தண்டு சுழலும்போது அதன் மேடு டாப்பெட்டையும் புஷ்ராடையும் உயர்த்துகிறது. ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது, ஸ்பிரிங் மூடுகிறது. நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு வால்வும் மணிக்கு 45,000 முறை திறந்து மூடுகிறது.

சூட்டில் வால்வுத் தண்டு நீளும். அதற்காக ராக்கருக்கும் தண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விடப்படுகிறது. கேம் மேட்டின் தொடக்கத்திலுள்ள மெல்லிய சரிவில் இந்த இடைவெளி மெதுவாக அடைபடுவதால் பாகங்கள் அதிர்வின்றிச் சேர்கின்றன. தேய்மானத்தால் இடைவெளி கூடினால், சரிவைத் தாண்டிய பிறகே அவை வேகமாக மோதுகின்றன. புஷ்ராடு வளையலாம், ராக்கர் முனை குழிவிழலாம்.

இடைவெளியே இல்லாவிட்டால் சத்தம் இராது. ஆனால் சூடேறியதும் வால்வு முழுதும் மூடாது. அமுக்கம் குறையும், புகைபோக்கி வால்வு கருகிவிடும்.

இடைவெளியைச் சரிசெய்யும் முறை:

1. கையேட்டில் வேறுவிதமாகக் கூறாவிட்டால், என்ஜின் நன்கு ஆறிய பின் அளக்கவும்.

2. பிளைவீலை ஓடும் திசையில் கையால் சுழற்றி, காற்று உள்ளிழுக்கும் வால்வு திறந்து மூடியபின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வரவும். அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும். டிகம்ப்ரஷன் லீவர் தூக்கிய நிலையில் இருக்கக் கூடாது.

3. கையேட்டில் குறித்த கனமுள்ள பீலர் கேஜ் தகட்டை இடைவெளியில் செருகவும். அது லேசான பிடிப்புடன் நகர வேண்டும்.

4. பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகைச் சரிசெய்து, திருகு அசையாமல் பிடித்து நட்டை இறுக்கவும். பின்பு மீண்டும் அளக்கவும்.

இதன்பிறகும் சத்தம் நீடித்தால் ஸ்பிரிங், புஷ்ராடு, ராக்கர் முனை ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டவும். அதிகத் தண்ணீருக்காகக் கவர்னரை முடுக்கி வேகத்தைக் கூட்ட வேண்டாம். வேகம் 1500-லிருந்து 1800 ஆனால், ஸ்பிரிங் தாங்க வேண்டிய விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஸ்பிரிங் ஈடுகொடுக்காவிட்டால் டாப்பெட் கேமைவிட்டு எழும்பி மோதும்.

கதிர் வரும் பருவத்தில் என்ஜின் நின்றால் பயிர் காத்திருக்காது. ஆகவே, நடவுக்கு முன்பே இடைவெளியைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.