பளபளக்கும் கல் மட்டும் சுரங்கம் ஆகிவிடாது

"கல்லைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து உறவினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. இந்தத் தவணையில் நாங்கள் படித்த கீனோ ஹில் என்ற இடம் அதற்கு நல்ல பதிலைத் தருகிறது.

கனடாவின் வடமேற்கில், யூகோன் பகுதியில் உள்ள மலை அது. 1919இல் லூயி பூவெட் என்பவர் அங்கே வெள்ளித் தாதுவைக் கண்டு, நிலத்துக்கு உரிமை பதிவு செய்தார். 1989இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை அந்த வட்டாரம் 20 கோடி அவுன்ஸுக்கும் அதிகமான வெள்ளியைக் கொடுத்தது. கூடவே காரீயமும் துத்தநாகமும் கிடைத்தன. நம் நாட்டில் 'ஈயச் சுரங்கம்' என்றால் அது வெள்ளீயம். காரீயம் வேறு, கார் பேட்டரியில் இருக்கும் கனமான உலோகம்.

பூமிக்குள் பாறை வெடித்த இடங்களில், உலோகம் கரைந்த வெந்நீர் மேலேறி வருகிறது. சூடு தணியத் தணிய அந்த வெடிப்புகளில் தாது படிகிறது. கோடு போல ஓடும் இந்தப் படிவைத் தாது நரம்பு எனலாம். காரீயத் தாதுவின் பெயர் கலினா. கீனோ ஹில்லில் வெள்ளியின் பெரும்பகுதி கலினாவிலும் அதனுடன் கலந்திருக்கும் கனிமங்களிலும் இருக்கிறது.

ஆய்வகத்தில் கலினாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதே அளவுள்ள குவார்ட்ஸ் கல்லைவிட ஏறக்குறைய 3 மடங்கு கனம். கண்ணாடி போல மினுக்கம். இப்படி ஒரு கல்லை யாராவது நீட்டி, "எங்கள் மலையில் வெள்ளி கொட்டிக் கிடக்கிறது, பங்கு வாங்குங்கள்" என்றால் மயக்கம் வருவது இயல்பு.

ஆனால் நிலவியலாளர் முதலில் கேட்பது நரம்பின் அகலத்தை. நரம்பு 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆள் நின்று வேலை செய்ய 1 மீட்டர் அகலமாவது தோண்ட வேண்டும். அப்போது வெளியே வருவதில் 5இல் 4 பங்கு வெறும் பாறை!

அடுத்த கேள்வி, நரம்பு எந்தப் பாறைக்குள் ஓடுகிறது என்பது. கீனோ ஹில்லில் குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறை உடைந்தபோது வெடிப்புகள் அகலமாகத் திறந்தே இருந்தன. தாது தங்க இடம் கிடைத்தது. அதே வெடிப்பு மெல்லிய அடுக்குகளாலான ஷிஸ்ட் பாறைக்குள் நுழைந்ததும் நசுங்கி மூடிக்கொண்டது, நரம்பும் மெலிந்துபோனது. பிறகு ஏற்பட்ட நிலப்பிளவுகள் நரம்புகளை வெட்டி நகர்த்தியும் விட்டன. அதனால்தான் ஒரே வட்டாரத்தில் சில நரம்புகள் பெரிய சுரங்கங்களாயின. மற்றவை சிறியவையாகவே நின்றுவிட்டன.

ஆகவே, அழகான கல்லை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதிப்பது மாதிரி ஆகாது. நரம்பின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வெட்டி எடுக்க வேண்டும்; நீளவாக்கில் பல இடங்களில் அதையே திரும்பச் செய்ய வேண்டும்; பிறகு துளையிட்டு ஆழத்தையும் பார்க்க வேண்டும்.

மண் மூடிய இடத்தில் நரம்பைத் தேடுவது எப்படி? துத்தநாகம் தண்ணீரில் எளிதாகக் கரைந்து ஓடும். காரீயம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். 1950களில் கனடாவின் அரசு நிலவியலாளர்கள் கீனோ ஹில் ஓடைகளிலும் ஊற்றுகளிலும் இந்த உலோகங்களை அளந்து, தாது இருக்கும் திசையைக் கண்டறியும் வழியை ஆராய்ந்தார்கள்.

தேடலுக்கு உதவும் அதே குணம், சுரங்கம் மூடிய பிறகு தொல்லையாகிறது. பழைய சுரங்கங்களிலிருந்து கசியும் நீரில் துத்தநாகம் கலந்து ஓடைக்குப் போகிறது. மீன்களுக்கு அது நஞ்சு. அந்த நீரைச் சுத்திகரிக்கவும் நிலவியல் தெரிந்தவர்கள் வேண்டும்.

கல்லைப் படித்தால் என்ன செய்யலாம்? எங்கே தோண்டலாம், எங்கே தோண்டவே கூடாது என்று ஆதாரத்தோடு சொல்லலாம். யாரோ ஒருவர் தம் சேமிப்பைப் பளபளப்பை நம்பிக் கொடுக்காமல் தடுக்கலாம். எஸ்.பி.எம். முடித்து அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பட்டியலில் நிலவியலுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.