குப்புசாமியைக் கூப்பிடும் ஃப்ரிட்ஜ்!

பிரம்மாவுக்கு நாலு தலை எதற்கு என்று சின்ன வயசிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். 'தி சிம்ஸ்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடிப் பார்த்ததில் அது தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு ஆளைப் படைத்து, அவனைச் சாப்பிட வைத்து, குளிக்க வைத்து, ஆபீஸுக்கு அனுப்புவதற்குள் எனக்கிருக்கிற ஒரு தலை போதவில்லை ஸார்!

எங்கள் கனகம்மாசத்திரத்துப் பையன்கள் செல்போனில் ஆடுவதெல்லாம் சுடுகிற ஆட்டம்தான். 'டுமீல்' என்றால் ஒருத்தன் காலி. இதில் துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை. ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. ஒரு வீடு, அதில் சில மனிதர்கள். அவர்கள் எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குப் போய், தூங்குகிறார்கள். நாம் மேலேயிருந்து பார்த்துக்கொண்டு 'அதைச் செய், இதைச் செய்' என்று கட்டளை போட வேண்டும். அவ்வளவுதான்!

"ஜெயிக்கவே முடியாதுன்னா எதுக்குடா மாப்ளே இதை ஆடணும்?" என்று அக்கா மகனைக் கேட்டேன். லேப்டாப் அவனுடையது.

"நீ டெய்லி ஆபீஸ் போறியே மாமா, ஜெயிக்கவா போற?" என்றான். காலேஜ் இரண்டாம் வருஷம். வாய்க்கு மட்டும் அரியர்ஸ் கிடையாது.

நான் ஆடியது நான்காவது பாகம். 2014-ல் வெளிவந்தது. 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை ஆட்டம் இலவசம். ஆனால் கூடுதலாக நாய் வேண்டும், பூனை வேண்டும், பனி பெய்ய வேண்டும் என்றால் தனித்தனியாகக் காசு எண்ணி வைக்க வேண்டும். ஊர்ப் பெயரிலேயே சத்திரத்தை வைத்திருக்கிற எங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. சாப்பாடு இலவசம், அப்பளத்துக்கு பில்!

24 நிமிஷத்தில் ஒரு நாள்

நம்மாளுக்கு குப்புசாமி என்று பெயர் வைத்தேன். மூக்கு, முழி, தொப்பை, நடை எல்லாம் நம் இஷ்டம். பிறந்த உடனே கையில் 20,000 சிமோலியன். அது அந்த ஊர்ப் பணம். அதற்குள் ஒரு வீட்டைப் பிடித்துக் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட வேண்டும்.

குப்புசாமிக்கு ஆறு தேவைகள். பசி, தூக்கம், குளியல், 'ஒண்ணுக்கு, ரெண்டுக்கு', பொழுதுபோக்கு, பேச்சுத் துணை. ஆறுக்கும் ஆறு பட்டைகள் திரையில் தெரியும். பச்சையாக இருந்தால் நிம்மதி. மஞ்சளானால் உஷார். சிவப்பானால் கவனிக்க ஓட வேண்டும். கக்கூஸ் பட்டை சிவந்தும் கவனிக்காமல் விட்டால் நடுக்கூடத்திலேயே ஆகிவிடும். பாவம், அவமானத்தில் முகத்தை மூடிக்கொள்கிறான்.

நம் கடிகாரத்தில் ஒரு விநாடி, அவனுக்கு ஒரு நிமிஷம். ஆக, 24 நிமிஷத்தில் ஒரு முழு நாள் முடிந்து போகிறது. குளித்துவிட்டு வருகிறான், மணி எட்டு. ஒரு ஆம்லெட் சாப்பிடுகிறான், எட்டே முக்கால். ஆபீஸ் ஒன்பதுக்கு. சமையல் பழகாத ஆள் அடுப்பைத் தொட்டால் சில நேரம் தீப்பிடித்துக்கொள்ளும்! அணைப்பதை விட்டுவிட்டுக் கையைக் காலை உதறிக்கொண்டு கத்துகிறான். பில் கட்டவில்லை என்றால் முதலில் கரண்ட் கட், அடுத்தது தண்ணீர் கட். இந்த இடத்தில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் பேசுகிற பாஷைக்கு 'சிம்லிஷ்' என்று பெயர். உலகத்தில் எந்த ஊரிலும் இல்லாத பாஷை. நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிப் பேசி உருவாக்கியது. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நமக்கு அலுத்துவிடும் என்பதால் அர்த்தத்தை எடுத்துவிட்டு ராகத்தை மட்டும் வைத்தார்களாம். 'சுல் சுல்' என்றால் வணக்கம். ஆந்திரா எல்லைக்குப் பக்கத்தில், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிகிற சண்டைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது ஒரு விஷயமா? யார் கோபமாக இருக்கிறார்கள், யார் வழிகிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்துவிடுகிறது.

சாவும் உண்டு. கறுப்பு அங்கி போட்ட எமன் வருகிறார். எருமை இல்லை, பாசக்கயிறு இல்லை. கையில் டாப்லெட்! சித்ரகுப்தன் வேலையும் போய்விட்டது போலிருக்கிறது. அளவுக்கு மீறிக் கோபப்பட்டாலும் சாவு, அவமானத்தில் குறுகினாலும் சாவு, சிரித்துக்கொண்டே இருந்தாலும் சாவு. வேலை முடிந்ததும் சில சமயம் உடனே கிளம்பாமல் அந்த வீட்டு டி.வி-யைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் எமன். அவருக்கும் பொழுதுபோக்குப் பட்டை சிவந்திருக்கும்!

எரிந்த வீட்டிலிருந்து ஒரு பொம்மை வீடு

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் வில் ரைட் என்கிற அமெரிக்கர். நகரம் கட்டுகிற 'சிம் சிட்டி' விளையாட்டை 1989-ல் கொண்டுவந்து பெயர் வாங்கியவர். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பெரிய காட்டுத் தீ. 25 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பல். அதில் இவர் வீடும் ஒன்று.

துடைப்பத்திலிருந்து கட்டில் வரைக்கும் மறுபடி வாங்க வேண்டும். 'ஒரு மனுஷனுக்கு உண்மையிலேயே என்னென்ன வேணும்?' என்ற கேள்வி அவர் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. அதை ஒரு பொம்மை வீடு மாதிரி ஆட்டமாக்கலாம் என்றார். அவருடைய கம்பெனி மேக்ஸிஸுக்குள்ளேயே வரவேற்பு இல்லை. கம்பெனியை 1997-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிய பிறகுதான் வழி பிறந்தது. 2000 பிப்ரவரியில் ஆட்டம் வெளிவந்தது. 2002-ல், அதுவரை வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளிலேயே அதிகம் விற்றது இதுதான் என்று ஆகிவிட்டது!

நமக்கு மட்டும் இது புதுசா என்ன? வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பாட்டிமார் விரித்த பரமபதம் இதே சரக்குதான். அதுவும் வாழ்க்கை ஆட்டம். புண்ணியம் செய்தால் ஏணி, பாவம் செய்தால் பாம்பு. ஆனால் அதில் உருளுவது தாயக்கட்டை. நம் கையில் ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டத்தில் பரமபதம் காத்திருக்கிறது. சிம்ஸில் தாயக்கட்டையும் கிடையாது, பரமபதமும் கிடையாது. தினம் காலையில் எழுந்து என்ன செய்வது என்பதுதான் ஆட்டமே.

கூப்பிடுகிற சாமான்கள்

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. கட்டளை எதுவும் போடாமல் குப்புசாமியை அவன் போக்கில் விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, சமாளிக்கிறான். பசித்தால் ஃப்ரிட்ஜுக்குப் போகிறான். அலுப்பாக இருந்தால் டி.வி. தூக்கம் வந்தால் கட்டில். 'இவனுக்கு இவ்வளவு மூளையா?' என்று அசந்துபோனேன்.

மூளை அவனிடம் இல்லை ஸார், சாமானில் இருக்கிறது! முதல் ஆட்டத்திலேயே ரைட் செய்த தந்திரம் இது. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஓயாமல் விளம்பரம் செய்துகொண்டிருக்கும். ஃப்ரிட்ஜ், 'என்கிட்ட வா, உன் பசியை இவ்வளவு தீர்ப்பேன்' என்று கூவும். டி.வி., 'பொழுதுபோக்கு இவ்வளவு தர்றேன்' என்று கூவும். நம் ஆள் அந்த நேரத்துத் தன் தேவையோடும் தூரத்தோடும் இந்தக் கூவலையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, எது பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் போவான். கோயம்பேட்டில் பஸ் கண்டக்டர்கள் கூவக் கூவ நாம் திரும்புவதில்லையா, அந்த மாதிரி.

சரி, கூப்பிடாத விஷயங்கள்? புத்தகத்தைப் பிரித்து ஒரு தொழில் கற்றுக்கொள்வது முதல் ஆட்டத்தில் அவனாகச் செய்ய மாட்டான். நாம்தான் சொல்ல வேண்டும். நண்பனுக்கு போன் போட்டு நட்பைக் காப்பாற்றுவதையும் அவன் பொறுப்பில் விட முடியாது. பார்க்காமல் பேசாமல் இருந்தால் நட்பின் கணக்கு தானாகவே நாளுக்கு நாள் இறங்கும். சண்டை எதுவும் வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்! இத்தனைக்கும் அந்த முதல் ஆட்டத்தில் இத்தனை நண்பர்கள் இருந்தால்தான் அடுத்த பிரமோஷன் என்று சட்டம் வேறு.

அக்கா மகனுக்கு இதற்குப் பொறுமை கிடையாது. ஒரு ரகசியச் சொல்லைத் தட்டினான். 'மதர்லோட்'. கண் மூடித் திறப்பதற்குள் 50,000 சிமோலியன் வந்து விழுந்தது. பெரிய டி.வி., பெரிய சோபா, நீச்சல் குளம். "இப்ப இன்னா சொல்ற மாமா?" என்றான். நான் பட்டையைப் பார்த்தேன். பங்களா பளபளத்தது, பேச்சுத் துணைப் பட்டை மட்டும் சிவப்பாகவே இருந்தது. வீட்டுக்குள் இருக்கிற எந்தச் சாமானும் அதை முழுசாக ஏற்றவில்லை.

நம்ம பட்டை என்ன கலர்?

குப்புசாமி ஆபீஸுக்குக் கிளம்பினால் வாசலுக்கு வந்து அப்படியே மாயமாகிவிடுகிறான். சாயந்திரம் அதே மாதிரி முளைக்கிறான். பொறாமையாக இருந்தது! இங்கே சத்திரத்திலிருந்து பஸ் பிடித்து ஸ்டேஷனுக்குப் போய், மின்சார ரயிலில் தொங்கி, சென்னை போய்ச் சேருகிறவனைக் கேளுங்கள். திருத்தணியிலிருந்து ரயில் மட்டுமே ஏறக்குறைய ரெண்டு மணி நேரம். போகவர அஞ்சு மணி, ஆபீஸ் ஒன்பது மணி, தூக்கம் ஏழு மணி. மொத்தம் 21. குளியல், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கையில் மிஞ்சுவது 3 மணி நேரம்.

அந்த மூன்று மணிக்குத்தான் எத்தனை போட்டி! செல்போன் 'டிங்' என்கிறது. கிரிக்கெட் கூப்பிடுகிறது. 'உங்களுக்கு லோன் ரெடி' என்று வங்கி கூப்பிடுகிறது. கூப்பிடுகிற பக்கம் போய்க்கொண்டே இருந்தால் மணி பதினொன்று. பரீட்சைக்கு வாங்கி வைத்த புத்தகம் கூப்பிடவில்லை. பத்தாம் வகுப்பு சிநேகிதன் கூப்பிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பா, 'பையன் களைச்சு வந்திருக்கான், தொந்தரவு பண்ணக் கூடாது' என்று இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறார். அவர் எங்கே கூப்பிடப் போகிறார்?

குப்புசாமிக்காவது மேலே உட்கார்ந்து பட்டையைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறது. நம் பட்டையை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்து நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்பார்கள். டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படியாகப் பூஜை செய்துகொண்டு ஏறுவார்கள். 'இது சாதாரண செவ்வாய்க்கிழமைப் படிதானே' என்று எதையும் தாண்டிக் குதிப்பதில்லை. சிம்ஸில், நாள் அலுத்துப் போனால் வேகமாக ஓட்டிவிட ஒரு பட்டன் இருக்கிறது. அந்த பட்டன் நம் கையிலும் இருக்கிறது. கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஓட்டுகிறோமே, அதேதான்!

ஆட்டத்தை ஆடிப் பாருங்கள், நல்ல ஆட்டம். மணி பார்த்துக்கொண்டு ஆடுங்கள். அவனுக்கு ஒரு வருஷம் ஓட்ட, உங்களுக்கு 146 மணி நேரம் ஆகும். தினம் மூன்று மணி வீதம் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது ராத்திரி! அதில் ஒரு ராத்திரியை எடுத்து, கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேச விஷயம் எதுவும் இல்லை என்றாலும் பரவாயில்லை. "சாப்ட்டியாப்பா?" என்று அவரே ஆரம்பிப்பார்.