பிஸ்கட் பெட்டிக்குள் ஒரு பச்சோந்தி

கடந்த வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன், திருக்கோவிலுக்கு அப்பாலுள்ள மாமாவின் வயலுக்குப் போய் வந்த தம்பி, ஒரு பிஸ்கட் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்குள் நுழைந்தான். உள்ளே ஒரு பச்சோந்தி. பொத்துவில் வீதியை ஆடி ஆடிக் கடந்துகொண்டிருந்ததாம். லொறி ஏறிவிடும் என்று தூக்கி வந்துவிட்டான்.

"வளர்ப்பமா ராத்தா?" என்றான்.

"அது நஞ்சு மகன், கொண்டுபோய் எறி" என்றார் மூத்தம்மா.

பச்சோந்திக்கு நஞ்சு கிடையாது. பயந்தால் தொண்டையை உப்பி, வாயைப் பிளந்து சீறும். விரலை நீட்டினால் கடிக்கவும் செய்யும். அவ்வளவுதான். இலங்கையில் இருப்பது ஒரேயொரு பச்சோந்தி இனம். நம்மைப் போன்ற வரண்ட வலயத்துப் பற்றைகளிலும் மரங்களிலும் வாழ்கிறது. வேலியில் தலையாட்டும் ஓணான் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

இதையெல்லாம் அன்று நான் பெரிய ஆள்போல எடுத்துச் சொன்னேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் திமிர். அதே திமிரில்தான் வளர்க்கவும் சம்மதித்தேன்.

பெட்டி மூடியில் துளையிட்டோம். சிரட்டையில் தண்ணீர் வைத்தோம். அடித்த ஈக்களைப் போட்டோம். அது எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வாசித்தபோதுதான் காரணம் புரிந்தது. தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கவனிப்பதில்லை. இலையில் வழியும் பனித்துளியையும் மழைத்துளியையுமே நக்கிக் குடிக்கும். அசையும் பூச்சியைத்தான் இரையாகக் கொள்ளும். இரண்டு கண்களையும் வெவ்வேறு திசையில் சுழற்றித் தேடி, இரை தெரிந்ததும் இரண்டையும் அதன்மேல் குவித்துத் தூரத்தை அளந்து, நாக்கை வீசும். அந்த நாக்கு உடலைவிட நீளமாகவும் நீளக்கூடியது. பிஸ்கட் பெட்டிக்குள் அதை வீச இடமேது?

வெயிலும் வேண்டும். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் இல்லாவிட்டால் உடலில் விற்றமின் டி உண்டாகாது, கல்சியம் சேராது, எலும்பு வளைந்துவிடும். கட்டாரில் வேலை செய்யும் சின்ன மாமா, அங்குள்ள கடையில் யெமன் நாட்டுப் பச்சோந்தி விற்பதாகச் சொன்னார். வலைக்கூடு, தனி விளக்கு, நீர் தெளிக்கும் கருவி எல்லாம் வாங்க வேண்டுமாம். அவ்வளவு செய்தாலும் அது கையில் தூக்கிக் கொஞ்சுவதற்கான பிராணியல்ல, பார்த்துக்கொண்டிருப்பதற்கானது.

இரவாகும்போது எங்களுடையது கறுத்துப் போயிருந்தது. தம்பி "பெட்டி நிறத்துக்கு மாறுது" என்று துள்ளினான். பெட்டியோ மஞ்சள். பச்சோந்தி இருக்கும் இடத்தைப் பார்த்து அதே நிறத்தைப் பூசிக்கொள்வதில்லை. சூடு, குளிர், பயம், கோபம், இன்னொரு பச்சோந்தியைக் காண்பது இவைதாம் நிறத்தை மாற்றுகின்றன. மடகஸ்கார் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2015 இல் விளக்கினார்கள்: தோலுக்குள் மிக நுண்ணிய பளிங்குகள் உள்ளன, அவற்றின் இடைவெளி கூடிக் குறையும்போது தெறிக்கும் ஒளியின் நிறமும் மாறுகிறது. ஆகவே தேர்தல் காலத்தில் கட்சி மாறுவோருக்கு இந்தப் பெயரைச் சூட்டுவது பச்சோந்திக்குச் செய்யும் அநியாயம். எங்களுடையது கறுத்தது பயத்தால்.

இரவு முழுக்கப் பெட்டியின் மூலையைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. காலையில் பார்த்தபோது வயிறு இரு பக்கமும் புடைத்திருந்தது. மரத்திலேயே வாழும் பெண் பச்சோந்தி, மண்ணைத் தோண்டி முட்டையிடத்தான் கீழே இறங்கும். வீதியைக் கடந்தது அதற்காக இருக்கலாம். நாங்கள் அதைக் கடதாசி மட்டையைத் தோண்ட வைத்திருந்தோம். பூனையைக் கட்டிவைத்து உணவு கொடுக்காத பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நினைவுக்கு வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாடசாலையில் ஆசிரியையிடம் சொன்னேன். திட்டவில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட உயிரினம்; பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்றார். காயம்பட்டதைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வீதியில் கண்டால், அது போகும் பக்கமாகவே கடத்திவிட வேண்டும்.

கடத்துவதற்கும் முறை உண்டு. மேலிருந்து கையால் பற்றக் கூடாது. பருந்தும் காகமும் அப்படித்தான் வரும். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. கொப்பைப் பற்றியிருக்கும் பாதத்தைப் பிய்த்தெடுத்தால் விரல் முறியும். ஒரு தடியை முன்கால்களுக்கு முன்னே நீட்டினால் போதும், தானாக ஏறிக்கொள்ளும். நாமும் அவசரப்படக் கூடாது.

அன்று பின்னேரம் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் மூவரும் போனோம். தம்பி காட்டிய இடத்தில், அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் பற்றையோரம் தடியைச் சாய்த்தோம். ஒரு காலை வைத்து, ஆடி யோசித்து, மறுகாலை வைத்தது. கடைசியாக வால் சுருள் அவிழ்ந்தது. அது மண்ணைத் தோண்டுமா என்று பார்க்கத் தம்பிக்கு ஆசை. ஆள் நின்றால் அது அசையாது என்று வாப்பா அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டு வாசலில் மூத்தம்மா சவர்க்காரத்தோடு நின்றார். அந்த விடயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி: ஊர்வனவற்றைத் தொட்டால் கையைக் கழுவத்தான் வேண்டும்.